பரோலோவில் ஒரு பீப்பாய் பாரதம்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பியட்மான்ட் பகுதியில், பரோலோ என்றொரு குன்றூர். மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது. கர்வம் மட்டும் ஒரு சாம்ராஜ்ஜியத்துக்குக் காணும். காரணம், அங்கே நெபியோலோ திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின். ‘ஒயின்களின் அரசன்’ என்று அதற்குப் பட்டம். சூட்டியது யார் என்று கேட்காதீர்கள். விற்கிறவர்கள் உரக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த அரசனுக்குச் சின்ன வயதில் அத்தனை கம்பீரம் கிடையாது. 1787-ல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் டூரினுக்கு வந்து நெபியோலோவை ருசித்தார். இனிப்பு, துவர்ப்பு, கூடவே நுரைத்துள்ளல் என்று குறித்துக்கொண்டார். இன்று பரோலோ ஆசாரக்காரர் யாரிடமாவது இனிக்கிற, நுரைக்கிற நெபியோலோவை நீட்டிப் பாருங்கள். போலீசைக் கூப்பிடுவார்.

பிறகு அதைக் கறாரான, இனிப்பில்லாத ஒயினாக மாற்றியது யார்? இதில் இரண்டு கட்சி. ஊடார் என்ற பிரெஞ்சு ஒயின் வியாபாரிதான் என்பது ஒரு கட்சி. இல்லவே இல்லை, நம்ம ஊர் ராணுவ அதிகாரி ஸ்டாலியேனோதான் என்பது மறு கட்சி. நடுவில் கிரின்சானே ஊரின் இளம் மேயர் ஒருவரும் தோட்டம் துரவோடு வருகிறார். பெயர் கவூர். பின்னாளில் இத்தாலியை ஒன்றாக்கி முதல் பிரதமரானவர் அவரே. நாட்டை ஒட்டவைத்தவராலும் இந்த இரண்டு கட்சியை ஒட்டவைக்க முடியவில்லை.

எல்லாருக்கும் மேலே ஒரு மகராசி: பரோலோ சீமாட்டி ஜூலியா ஃபலெத்தி. பிறந்த வீடு பிரான்ஸ். உங்கள் ஒயினை எங்கள் கண்ணில் காட்டவே இல்லையே என்று அன்றைய பியட்மான்ட் அரசர் கார்லோ ஆல்பெர்ட்டோ குறைப்பட்டாராம். அம்மையார் 325 வண்டிகளில் பீப்பாய் ஏற்றி டூரின் அரண்மனைக்கே அனுப்பினார் என்பது ஊர்க்கதை. அதென்ன 325? வருஷத்துக்கு 365 நாள். தவக்காலம் 40 நாள் கழிவு. பக்திக்குப் பக்தி, கணக்குக்குக் கணக்கு. நாளுக்கு ஒரு வண்டி வீதம் அரசர் குடித்தாரா, குளித்தாரா என்று கதை சொல்லவில்லை. ஆனால் ருசி கண்ட அரசர் 1838-ல் பக்கத்து வெர்துனோவில் கோட்டையையே வாங்கிப்போட்டுச் சொந்தமாக ஒயின் செய்ய இறங்கினார். அது கதையில்லை.

இப்போது பரோலோ ஊரின் மஸ்கரெல்லோ குடும்பத்துக்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜூலியோ மஸ்கரெல்லோ சொந்தப் பெயரில் ஒயின் போடத் தொடங்கினார். மகன் பார்த்தோலோ, 1926-ல் பிறந்தவர். பாசிசத்தை எதிர்த்த தலைமறைவுப் போராளி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அப்பாவின் நிலவறைக்கு வந்து சேர்ந்தார். நான்கு தோட்டத்துத் திராட்சையையும் கலந்து ஒரே ஒயின். சிமென்ட் தொட்டியில் தோலோடு வாரக்கணக்கில் ஊறல். அப்புறம் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பழைய ஓக் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் தவம். தோட்டத்துக்குத் தோட்டம் தனி பாட்டில் போட்டால் கூடுதல் விலை என்று ஊரே மாறியபோதும், அப்பா கலந்தார், நானும் கலக்கிறேன் என்று இருந்துவிட்டார்.

1980-களில் வெடித்தது சண்டை. ‘பரோலோ போர்’ என்றே அதற்குப் பெயர். பக்கத்து லா மோர்ராவில் எலியோ ஆல்தாரே என்ற இளைஞர் 1976-ல் பிரான்சின் பர்கண்டிக்குப் போனார். அங்கே திராட்சை விவசாயி சீமானாக வாழ்வதைக் கண்டு கண் திறந்து திரும்பினார். பரீக் என்னும் 225 லிட்டர் சின்னப் பீப்பாய், புத்தம்புது பிரெஞ்சு ஓக், வெனிலா வாசனை: இதுதான் விமோசனம் என்று முடிவுகட்டினார். 1983-ல் இயந்திர ரம்பத்தை எடுத்து அப்பாவின் பழைய பீப்பாய்களை அறுத்தே போட்டார். அப்பா மகனுக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்தார். இரண்டு வருஷத்தில், சமாதானம் ஆகாமலே போய்ச் சேர்ந்தார். மரத்துக்காக மகனை வெட்டிவிட்ட தகப்பன் உலக வரலாற்றில் அதிகம் இருக்க மாட்டார்.

அமெரிக்க விமர்சகர்கள் புது ஒயினுக்கு மதிப்பெண்ணை வாரி இறைத்தார்கள். பழைய பாணிக்காரர்கள் பத்தாம்பசலி ஆனார்கள். பார்த்தோலோ அசையவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையாலேயே லேபிள் வரைந்தார். ஒன்றில் எழுதினார்: ‘நோ பரீக், நோ பெர்லுஸ்கோனி’. பிரெஞ்சுப் பீப்பாயும் வேண்டாம், தொலைக்காட்சி முதலாளியாக இருந்து பிரதமரான பெர்லுஸ்கோனியும் வேண்டாம்! இரண்டு பகையையும் ஒரே காகிதத்தில் தீர்த்த சிக்கனம்.

வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு நாகரிகம் உள்ளே வரக் கூடாது என்று பார்த்தோலோ காவல் காத்த அந்த ஒயினைப் பேர் பெறவைத்ததே ஒரு பிரெஞ்சு மருமகள்தான். ஒரு நூற்றாண்டு முந்தி வந்துவிட்டால் அந்நிய மோகம்கூட மரபாகிவிடுகிறது. பிந்தி வந்த பரீக்குக்குத்தான் அடி.

2005-ல் பார்த்தோலோ காலமானார். மகள் மரியா தெரேசா ஒரு தொட்டியைக்கூட மாற்றவில்லை. மாறியது ஊர்தான். புதுப்பாணிக்காரர்களில் பலர் சத்தமில்லாமல் பெரிய பீப்பாய்களுக்குத் திரும்பினார்கள். மஸ்கரெல்லோ ஒயின் விலை எகிறியது; அந்த லேபிள் ஒட்டிய பாட்டிலுக்கோ சேகரிப்பாளர்களிடையே அடிதடி. கோடீஸ்வரருக்கு எதிராக ஓர் இடதுசாரிக் கிழவர் எழுப்பிய கோஷத்தைக் காசு கொடுத்து வாங்க இன்று கோடீஸ்வரர்களுக்குத்தான் கட்டுப்படியாகிறது.