விரித்தால் சுருங்கும் குழாய்

கேள்வி: காற்றடித்தால் சைக்கிள் ட்யூப் உப்புகிறது. பிரஷர் ஏறினால் ரத்தக்குழாயும் அப்படித்தானே உப்பும்?

பதில்: ட்யூபுக்கு உயிர் இல்லையே! சின்னத் தமனியை அழுத்தம் விரித்தால், அதன் சுவரிலுள்ள தசைச் செல்கள் இழுபடுவதை உணர்ந்து சுருங்கிக்கொள்ளும், குழாய் குறுகும். இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் பேலிஸ் இதை 1902-லேயே எழுதிவிட்டார். பிரஷர் ஓரளவு ஏறி இறங்கினாலும் மூளைக்கு ரத்தம் சீராகப் போவது இதனால்தான்.

செல்லுக்கு இழுப்பு எப்படித் தெரிகிறது? விடை தேடி அமெரிக்காவில் ஆர்டம் பட்டபூட்டியன் குழு 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தது. அகப்பட்டது பீசோ1: சவ்வு இழுபட்டால் திறக்கும் புரதக் கதவு. ரத்தக்குழாயின் உள்வரிச் செல்களிலும் அது உண்டு. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு.

வருடக்கணக்கில் பிரஷர் உயர்ந்தே இருந்தால் குழாய்ச் சுவர் தடித்துவிடும். அதனால் டாக்டரைக் கேட்காமல் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.