பழைய ஸ்நோமொபைல் கொள்படலம்: தொடுகை நோக்கில் ஒரு முன்னாய்வு

ஒன்டாரியோவில் கார்த்திகை பிறந்ததும் ஆடவர் சிலர் நள்ளிரவு தாண்டியும் போனில் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டிருப்பது அவர்தம் மனைவியர் அறிந்ததே. அவர்கள் தேடுவது பழைய ஸ்நோமொபைல். இத்துணை முக்கியமான செயலுக்குத் தமிழில் இன்றுவரை இலக்கணம் இல்லை. அக்குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு எழுந்தது. பதவி உயர்வுக்காக அன்று என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

1. ஆய்வெல்லை

மலையில் இடுப்பளவு தூள்பனியில் ஏறும் வண்டி, பந்தய வண்டி, உறைந்த ஏரியில் மீன்பிடிக் குடிலை இழுக்கும் வண்டி ஆகியவை இங்கு அடங்கா. செப்பனிட்ட பாதையில் ஓடுவதே பொருள். ஒன்டாரியோவில் மட்டும் ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் பாதை உண்டு. அதில் ஆய்வாளர் எவரும் போனதாகத் தடயம் இல்லை. எனவேதான் அதைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடும் இல்லை.

2. தோற்றம்

கியூபெக்கின் வால்கூரில் பிறந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே 1937இல், பலர் ஏறிப் போகும் மூடிய பனிவண்டியை விற்கத் தொடங்கினார். அவருடைய சின்னஞ்சிறு ஸ்கி-டூ 1959இல் வந்தது. அதற்குச் சற்று முன்பே மின்னசோட்டாவின் ரோசோவில் போலாரிஸ் நிறுவனத்துக்காரர்கள் ஒன்றை ஓட்டிவிட்டார்கள். ஆகவே முதல் வண்டி எது என்பது ஆய்வாளர் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது. காலக்கணிப்பில் இம்முறை நமக்குப் புதிதன்று. யமஹா 1968இல் வந்து 2025 மாடலோடு கடையைக் கட்டியது. இனி யமஹா எல்லாமே பழையவை. அதாவது எல்லாமே நம் ஆய்வுப்பொருள்.

3. உறுப்பிலக்கணம்

நிறம்: எல்லா நிறமும் ஓடும்.

டிராக்: 120 முதல் 137 அங்குலம் வரை பாதைக்கு, 154உம் அதற்கு மேலும் மலைக்கு, இடைப்பட்ட 146, முடிவெடுக்க முடியாதவர்க்கு. பல்லின் உயரம் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால். இரண்டரை அங்குல மலைப்பல்லை இறுகிய பாதையில் ஓட்டுவது, பட்டுச்சேலையோடு நாற்று நடுவது. ரப்பரில் கிழிசலும் பல் உதிர்ந்த இடமும் உண்டா என்று ஒரு முழுச்சுற்று பார்க்க வேண்டும். அரைச்சுற்றோடு எழுந்துவிடுபவர் பல்கலைக்கழகத்தில் சேரலாம்.

ஸ்லைடர்: டிராக்கின் உள்ளே தண்டவாளத்தின் அடியில் ஓடும் பிளாஸ்டிக் பட்டை. அதற்கு எண்ணெயும் பனிதான், தண்ணீரும் பனிதான். உருகி வழிந்திருந்தால் உரிமையாளர் பனியில்லாத இடத்தில் ஓட்டியிருக்கிறார். அவர் இதை மறுப்பார், பட்டை மறுக்காது.

செயின் கேஸ்: எண்ணெயில் உலோகப் பொடி மின்னினால் கைகுலுக்கி விடைபெறுக.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா: முன்னது இலேசு, பெட்ரோலோடு எண்ணெயும் குடிக்கும், பின்னது பாரம், நெடுநாள் உழைக்கும். இவ்விரு சமயத்தாருள் ஒருவரும் வாதத்தால் கட்சி மாறியதில்லை.

4. தொடுகையியல்

இனி ஆய்வின் உயிர்நிலை. வண்டி பார்க்கப் போனவர் வணக்கம் சொல்லும் முன் எஞ்சினைத் தொட வேண்டும். ஆறிக் கிடக்கும் எஞ்சின் பொய் சொல்லாது. கம்ப்ரெஷன் குறைந்ததும், கார்புரேட்டர் அடைத்ததும், பாட்டரி சாகக் கிடப்பதும் முதல் ஸ்டார்ட்டிலேயே தெரிந்துவிடும். சூடாக்கி வைத்த எஞ்சின் ஒரே இழுப்பில் எழுந்து நல்லவன்போல் நிற்கும்.

எங்கே தொடுவது? மூடியைத் தொடுக என்பது ஒரு சாரார் கொள்கை. மூடி பிளாஸ்டிக், உள்ளே நடப்பதை அது வெளியே விடாது. புகைக்குழலைத் தொடுக என்பது பிறிதொரு சாரார் கொள்கை. இக்கொள்கையினர் விரல் வெந்து எண்ணிக்கையில் குறைந்து வருகின்றனர். கையை அருகே கொண்டுபோனால் போதும் என்னும் இடைநிலைக் கொள்கை, ஒரு கராஜ் சுவரில் ஆணியில் தொங்கும் நாட்காட்டியின் ஜனவரித் தாளில் பென்சிலால் எழுதப்பட்டுள்ளது. அதே நாட்காட்டியின் பிப்ரவரித் தாள் இதை மறுக்கிறது. மார்ச் கிழிந்துவிட்டது. முடிபு அதில்தான் இருந்தது என்பது அறிஞர் துணிபு.

நாட்காட்டிக்கு அடியில் ஒட்டிக்கிடந்த பெட்ரோல் ரசீதின் பின்புறம், மூன்றாம் மடிப்பில், ‘தொடு’ என்பதற்கு ‘விடு’ என்று பாடபேதம் காணப்படுகிறது. எண்ணெய்க் கறையால் எழுத்துத் திரிந்தது என்பர் பதிப்பாசிரியர். கறையே மூலம், எழுத்துத்தான் இடைச்செருகல் என்பர் மறுப்பாசிரியர். மறுப்புக்கு நாற்பது பக்க அடிக்குறிப்பு உண்டு. அதில் ஒரு பக்கம் கறையைப் பற்றியது. ஏனையவை பதிப்பாசிரியரின் ஊரையும் உறவினரையும் பற்றியவை. ஒருவரும் ரசீதின் முன்புறத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்று காலைதான் பெட்ரோல் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

எஞ்சின் சூடாக இருந்தால் என் செய்வது? ஸ்கார்பரோவில் நிகழக்கூடிய உரையாடல் இது:

“தம்பி, குளிருக்குள்ள நிண்டு கஷ்டப்படக் கூடாதெண்டு முதலே ஸ்டார்ட் பண்ணி வைச்சிட்டன்.”

“பரவாயில்லையண்ணை, ஆறட்டும். நான் நிண்டு பாக்கிறன்.”

“அப்ப உள்ளுக்க வாரும், ஒரு தேத்தண்ணி குடிப்பம்.”

இவ்விடைவெளிக்கு ஆறுகாலம் என்று பெயரிடுகிறேன். எஞ்சின் ஆற மணிக்கணக்காகும். அதற்குள் தேநீர், வடை, மகளின் பரதநாட்டிய அரங்கேற்ற வீடியோ எல்லாம் வந்துவிடும். ஒரு வீட்டு வடையைத் தின்றவன் ஐந்நூறு டாலர் குறைத்துக் கேட்க நாக்கூசுவான். சூடாக்கி வைத்ததன் நோக்கமே இதுதான், எஞ்சின் வெறும் கருவி என்று கொள்வாரும் உளர். அது என் கொள்கை.

ஆறியபின் சாவியை அணைத்து வைத்து, கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறைக்குக் கையைத் தடுக்கும். ஒன்று இறுக்கிப் பிடித்து மற்றது சோர்ந்துபோனால் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்க்கக் கேளுங்கள்; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கேஜ் என்றதும் அண்ணைக்கு அவசர வேலை ஒன்று நினைவுக்கு வருமாயின் அதுவும் ஓர் அளவீடே.

5. காலமும் வேகமும்

2003இல் ஸ்கி-டூ தன் ரெவ் மாடலில் ஓட்டுநரை முன்னால் நகர்த்தி நிமிர்த்தி உட்காரவைத்தது, மற்றவரும் பின்தொடர்ந்தனர். குழிவிழுந்த பாதையில் முதுகுக்கு அது பெரிய நன்மை. 1999இலும் அதற்கு முன்பும் வந்த மாடல்களுக்கு ஒன்டாரியோவில் பாதைச் சீட்டு மலிவு. ஆக முதுகா, பணப்பையா என்பதே தெரிவு.

600 சிசி போதுமா, 800 வேண்டுமா என்று கேட்போர்க்கு: வேறு பலகை இல்லாத பாதையில் இம்மாகாணச் சட்டம் அனுமதிப்பது மணிக்கு 50 கிலோமீட்டர்.

6. எலி

கோடை முழுவதும் கொட்டிலில் நின்ற வண்டியின் ஏர் பாக்ஸில் எலி கூடு கட்டும். சீட்டுப் பஞ்சையும் வயரையும் கடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கூட்டின் அடுக்குகளைப் பிரித்தால் வண்டி எத்தனை கோடை ஓடாமல் நின்றது என்று சொல்லிவிடலாம். இப்பகுதியை விரிவாக எழுதி என் மேற்பார்வையாளரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதைத் தம் பெயரில் வெளியிட்டுவிட்டபடியால் இங்கே தவிர்க்க வேண்டியதாயிற்று. வாசகர் டார்ச் ஒன்றைக் கொண்டுபோய்த் தாமே திறந்து பார்த்துக்கொள்க.