மூன்று கதவும் முப்பது சொந்தக்காரர்களும்

1991. அந்நியச் செலாவணி இன்னும் சில வாரங்களுக்குத்தான் தாங்கும் என்ற நிலை. சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியில் அடகு வைக்க அனுப்பிக்கொண்டிருந்தது அரசாங்கம். வீட்டு நகையெல்லாம் சேட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த நல்ல முகூர்த்தத்தில்தான், தேசத்துக்கு ஒரு சொகுசு வண்டி அவசரமாகத் தேவை என்று முடிவெடுத்து டாடா சியராவைத் தெருவில் இறக்கியது டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ்.

டெல்கோவுக்கு அதுவரை கைவந்த கலை லாரி. 1945-ல் ரயில் இன்ஜின் செய்யப் பிறந்து, 1954 முதல் பென்ஸ் கூட்டில் லாரி செய்து உரமேறிய கம்பெனி. கார் ஆசை வந்ததும் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. 1988-ல் வந்த டாடாமொபைல் பிக்கப்பை எடுத்தார்கள். தக்காளிக் கூடை ஏற்றும் இடத்தில் மனிதர்களை ஏற்றி, மேலே கூரை போட்டார்கள்.

அந்தக் கூரையில்தான் ஒரு மகாகலைஞன் புகுந்துவிட்டான். பக்கவாட்டுக் கண்ணாடி, குறுக்கே தூண் கீண் எதுவும் வராமல், அப்படியே மேலேறி வளைந்து கூரையில் போய் முடியும். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய ரோட்டில் அது போனால் ஊரே வாய்பிளக்கும். அந்தக் கண்ணாடியைத் திறக்க முடியாது என்பது உள்ளே உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். முன்சீட்டுக்காரர் பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவார். பின்சீட்டுக்காரர் மே மாத வெயிலில் வானம் பார்ப்பார்.

அந்தப் பின்சீட்டுக்குப் போவதே ஒரு யோகாசனம். மூன்று கதவு என்று பேர். அதில் ஒன்று பெட்டி படுக்கைக்கு. மீதி இரண்டும் முன்சீட்டுக்கு. பட்டுப்புடவை கட்டிய அத்தை, முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, இன்னொரு காலைத் தேடி... கல்யாணத்தில் தாலி கட்டியே முடித்திருப்பார்கள். வண்டிக்கோ ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட உடம்பு. அதை இழுக்க 2 லிட்டர் டீசல் இன்ஜினில் 70 குதிரைகூடக் கிடையாது. மலை ஏறும்போது பின்னால் வரும் லாரிக்காரர் ஹார்ன் அடித்து வழி கேட்பார். 90 குதிரையோடு டர்போ வருவதற்குள் ஜனங்களின் மனசு வேறு வண்டிக்குப் போய்விட்டது.

வேறு வண்டி என்றால் சுமோ. 1994-ல் அதே டெல்கோ விட்டது. டிசைனா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கம் கதவைத் திறந்து பத்துப் பேர் ஏறலாம். தமிழ், தெலுங்கு சினிமா வில்லன்களும் உடனே கட்சி மாறினார்கள். சியராவில் வந்திருந்தால், பின்சீட் அடியாள் இறங்கி முடிப்பதற்குள் ஹீரோ டூயட் பாடப் போயிருப்பார்.

2000-களின் தொடக்கத்தில் சியரா கண்ணை மூடியது. அதற்குப் பிறகுதான் அதற்கு ரசிகர்கள் முளைத்தார்கள். 2020 ஆட்டோ எக்ஸ்போவில் மாதிரி வண்டியைக் காட்டியதும் உருகித் தள்ளினார்கள். சொந்தமாக வைத்திருந்தீர்களா என்று கேட்டால், சித்தப்பாவின் நண்பர் வைத்திருந்தார் என்பார்கள்.

2025 நவம்பரில் சியரா மறுபடி வந்தது. வளைந்த கண்ணாடியின் சாயல் இருக்கிறது. கதவு ஐந்து. முப்பத்து நாலு வருஷம் கழித்து அத்தை ஜெயித்துவிட்டார்.

ஆனாலும் சியராவைத் தோற்ற வண்டி என்று சொல்ல வாய் வரவில்லை. காட்டுக்குப் போகும் தோரணையோடு காய்கறிக் கடைக்குப் போகலாம் என்று இந்தியனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். இன்றைக்கு ஸ்பீட் பிரேக்கரைத் தவிர வேறு மேடு பார்க்காத எஸ்யூவிகள் அத்தனையும் அதன் வாரிசுகள்.