பால்கோவாவுக்கு விசா இல்லை

கேள்வி: மகன் செப்டம்பரில் எம்.எஸ்ஸி. படிக்க மான்செஸ்டர் போகிறான். பல்கலைக்கழக விடுதியில்தான் தங்கப்போகிறான். குக்கர், பத்து கிலோ அரிசி, நெய், பால்கோவா எல்லாம் பெட்டியில் வைத்துவிட்டேன். வேறென்ன விட்டுப்போச்சு?
- ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: பையனோட துணிமணி விட்டுப்போச்சும்மா! பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோதான் கணக்கு. குக்கர் இருக்கட்டும், அரிசியை இறக்குங்கள். மான்செஸ்டரில் வில்ம்ஸ்லோ சாலையின் ஒரு பகுதிக்கு 'கறி மைல்' என்றே பெயர். அரிசி, பருப்புக்கெல்லாம் அங்கே பஞ்சமில்லை.

அடுத்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு நெய்யையும் பால்கோவாவையும் வெளியே எடுங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர அந்த நாட்டில் தடை. ஆண்டாளே சிபாரிசு செய்தாலும் சுங்கத்தில் விடமாட்டார்கள். பருப்புப்பொடிக்குத் தொல்லையில்லை.

நம்மூர் பிளக்கின் உருண்டைக் கம்பி அங்கே நுழையாது. தட்டைக் கம்பி வேண்டும். இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான் என்பதால் ஓர் அடாப்டர் போதும். போர்வை, தலையணை தருவார்களா என்று விடுதியில் முன்பே கேட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்குள் பையனுக்குத் தாளிக்கச் சொல்லிக்கொடுங்கள்: சமையலறைக் கதவைச் சாத்தணும், எண்ணெய் புகையும் முன் கடுகைப் போடணும். காய்ந்த மிளகாய் கருகினால் நம் வீட்டில் நாலு பேர் தும்முவார்கள். அங்கே வராந்தாவில் தீ அலாரம் அலறும். ராத்திரி பதினோரு மணிக்கு மொத்தக் கட்டடமும் போர்வையோடு குளிரில் இறங்கி நிற்கும், உங்கள் பையன் கரண்டியோடு நிற்பான்.