வீட்டு லினக்ஸை ரிப்பேர் பார்த்து ரிப்பேராக்குவது எப்படி?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 உங்கள் பழைய லேப்டாப்பில் இல்லை. அதனால் உபுண்டுவோ மின்ட்டோ போட்டுக்கொண்டீர்கள். நல்ல முடிவு. லேப்டாப்புக்கு மறுஜென்மம் கிடைத்தது, உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை கிடைத்தது.

அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். என்றைக்காவது ஒருநாள் வைஃபை வராது, சத்தம் கேட்காது, பிரின்டர் முரண்டு பிடிக்கும். எல்லாம் ஐந்து நிமிட வேலை. அதை இரண்டு நாள் வேலையாக வளர்த்தெடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறேன். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் கற்றுக்கொள்ளுங்கள்.

1. திரையில் வருவதைப் படிக்காதீர்கள்

லினக்ஸ் கொஞ்சம் வாயாடி. எது கெட்டது, எங்கே கெட்டது, சில சமயம் என்ன செய்தால் சரியாகும் என்பதுவரை சொல்லிவிடும். "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வந்தால் இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். டிஎஃப் என்று கட்டளை கொடுத்தால் எந்தப் பகுதி நிரம்பியிருக்கிறது என்று தெரியும். பூட் பகுதியில் பழைய கெர்னல்கள் குவிந்திருக்கும், இல்லையென்றால் டவுன்லோட்ஸில் ஒரே படம் மூன்று பிரதிகளாகக் கிடக்கும். இப்படிப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும். எனவே எரர் பெட்டி வந்ததும் மூடுங்கள். மறுபடி வந்தால் இன்னும் வேகமாக மூடுங்கள்.

மூட முடியாவிட்டால் போனில் படமெடுங்கள். நேராக நிற்காதீர்கள். ஓரமாக நின்று, டியூப்லைட் வெளிச்சம் திரையின் நடுவில் விழும்படி எடுங்கள். முதல் வரி கட்டாயம் வெட்டுப்பட வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த மருமகனைக் கூப்பிடுங்கள்.

"என்ன எழுதியிருந்துச்சு மாமா?"

"என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுப்பா. மூடிட்டேன்."

இனி எந்த நிபுணராலும் உங்களுக்கு உதவ முடியாது. முதல் படியிலேயே தேறிவிட்டீர்கள்.

2. பிளக்கைக் கடைசியில் பாருங்கள்

வைஃபை வரவில்லையா? டிரைவரில்தான் கோளாறு என்று உடனே முடிவு செய்யுங்கள். இருக்கும் டிரைவரை நீக்குங்கள். நீக்கியபின் புதியதை இறக்க இன்டர்நெட் வேண்டும் என்பது நினைவுக்கு வரும். அந்த நினைவு நீக்குவதற்கு முன்னால் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஃப்கில் என்றொரு சின்னக் கட்டளை உண்டு. வைஃபை மென்பொருளால் அடைக்கப்பட்டிருக்கிறதா, லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் பொத்தானால் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று தனித்தனியாகச் சொல்லும். அதன் பக்கமே போகாதீர்கள். மாலையில் வீட்டில் யாராவது "மிக்ஸி போடறதுக்கு அந்த வைஃபை பெட்டியோட பிளக்கைத்தான் பிடுங்கினேன், மறுபடி மாட்ட மறந்துட்டேன்" என்று சொல்வார்கள். அதற்குள் நீங்கள் கெர்னலையே மாற்றியிருக்க வேண்டும்.

3. மிகப் பழைய பதிலைத் தேர்ந்தெடுங்கள்

தேடினால் நூறு பதில்கள் கிடைக்கும். தேதி பார்க்க வேண்டாம். பார்த்தே தீருவேன் என்றால் 2010ஐ ஒட்டியதாகப் பாருங்கள், பழையதற்குத்தான் அனுபவம் அதிகம். உபுண்டு 15.04 பதிப்பிலேயே அப்ஸ்டார்ட்டிலிருந்து சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது. அதனால் அதற்கு முந்தைய காலத்துக் கட்டளைகளில் பல உங்கள் கணினியில் எதையும் செய்யாது. ஒன்றிரண்டு மட்டும் செய்யும். அவைதான் நமக்கு வேண்டியவை.

கட்டளையைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், செய்யும்போது அர்த்தம் புரிந்துவிடும் அபாயம் உண்டு. முன்னால் இருக்கும் டாலர் குறியோடு சேர்த்து அப்படியே ஒட்டுங்கள். ஓடவில்லையென்றால் முன்னால் சூடோ சேருங்கள். அப்போதும் ஓடவில்லையென்றால் அதே பக்கத்தில் அடுத்த பதிலை ஒட்டுங்கள். முதல் பதில் தவறு என்று சொல்லத்தான் அதை எழுதியிருப்பார்கள். பரவாயில்லை, இரண்டையும் செய்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

4. அனுமதி இல்லை என்றால் ஊருக்கே அனுமதி கொடுங்கள்

"பெர்மிஷன் டினைட்" என்பது லினக்ஸ் உங்களை அவமானப்படுத்துவது. சொந்த வீட்டில், சொந்தக் கணினியில், சொந்தப் பென்டிரைவில் ஒரு படத்தைப் போட முடியவில்லை என்றால் ரத்தம் கொதிக்கத்தானே செய்யும்? அந்த ஃபோல்டரின் உரிமையாளர் பெயரை மாற்ற ஒரு வரி போதும். அந்த வரியைத் தேடாதீர்கள்.

சிஎச்மாட் 777 இருக்கிறது. எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். அதை ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கொடுப்பது கஞ்சத்தனம். உள்ளே இருக்கும் அனைத்துக்கும் சேர்த்து, ரூட் எனப்படும் அந்த ஒற்றைச் சாய்கோட்டிலிருந்தே தொடங்குங்கள். கட்டளை எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடும்.

முடிந்ததும் சூடோ அடித்துப் பாருங்கள், வேலை செய்யாது. சூடோ நிரலுக்கு ரூட் பயனரின் சார்பில் ஓடுவதற்கென்று தனி அனுமதிக் குறி ஒன்று இருந்தது. 777 அதைத் துடைத்துவிட்டது. அதன் விதிக் கோப்பையும் இப்போது யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் சூடோ அதை நம்பாது. அனுமதிகளைச் சரிசெய்ய சூடோ வேண்டும். சூடோ வேலை செய்ய அனுமதிகள் சரியாக வேண்டும். இந்த இடத்தில் எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள், சம்பாதித்திருக்கிறீர்கள்.

5. பூட்டை உடைத்துவிடுங்கள்

மென்பொருள் நிறுவப் போனால் சிலசமயம் "குட் நாட் கெட் லாக்" என்று வரும். பின்னணியில் பாதுகாப்பு அப்டேட் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது, இருவர் ஒரே நேரத்தில் கைவைக்கக் கூடாது என்பதற்காகப் பூட்டு. பெரும்பாலும் சில நிமிடங்களில் அதுவே திறந்துவிடும். காத்திருப்பது உங்கள் குணமில்லை. பூட்டுக் கோப்பை அழியுங்கள். அப்டேட் பாதியில் இருக்கும்போது பவர் பட்டனையும் அழுத்திப் பிடித்தால் இன்னும் விசேஷம்.

அடுத்தமுறை நிறுவப் போகும்போது, வேலை பாதியில் நிற்கிறது, டிபிகேஜி கன்ஃபிகர் என்ற கட்டளையைக் கொடுத்துச் சரிசெய்யுங்கள் என்று எழுத்துக்கு எழுத்து அந்தக் கட்டளையையே திரையில் காட்டும். முதல் படியை நினைவில் வையுங்கள்.

இந்தத் துறையில் சிகரம் தொட்டவர் ஒருவர் உண்டு. லினஸ் செபாஸ்டியன், கனடாக்காரர், யூடியூபில் கணினிகளை அலசுவதே தொழில். 2021இல் பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். பொதியில் ஒரு கோளாறு இருந்தது. டெஸ்க்டாப்பையே நீக்கப் போகிறேன், ஆபத்து, உறுதியென்றால் "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று முழுசாகத் தட்டச்சு செய்யுங்கள் என்று கணினி கேட்டது. ஆச்சரியக்குறி உட்பட. அவர் தட்டச்சு செய்தார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. தொழில்முறை ஆட்களே இந்த உயரத்தை எட்டும்போது உங்களால் முடியாதா?

6. பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றுங்கள்

சத்தம் வரவில்லை. இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆல்சாமிக்சரில் அந்தத் தடத்துக்குக் கீழே எம்எம் என்று இருக்கும், அதாவது மியூட். அல்லது ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு எச்டிஎம்ஐ வழியாகச் சத்தம் போய்க்கொண்டிருக்கும், செட்டிங்ஸில் ஒரு கிளிக். இரண்டையும் பார்க்காதீர்கள்.

பல்ஸ்ஆடியோவை நீக்குங்கள். அது போகும்போது வேறு சிலவற்றையும் கூட்டிக்கொண்டு போகும், போகட்டும். பைப்வயர் போடுங்கள். அது ஏற்கெனவே இருந்தால் நீக்கிவிட்டுப் பல்ஸ்ஆடியோ போடுங்கள். ஆல்சா அமைப்புக் கோப்பில் எங்கேயோ படித்த ஒரு வரியைச் சேருங்கள். கூடவே கெர்னலை மாற்றுங்கள், பயாஸில் நுழைந்து பெயர் புரியாத எதையாவது ஒன்றை அணையுங்கள். இடையில் ரீபூட் செய்து சோதிக்கக் கூடாது. எல்லாம் முடித்தபின் ஒரே ரீபூட்.

சத்தம் வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் எதைத் திரும்ப மாற்றுவது என்று தெரியாது. ஒருவேளை ஹெட்போன் ஜாக்கில் குழந்தை எதையாவது திணித்திருந்தால், அதை அடுத்த தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

7. ஐந்தரை மணி நேரத்தோடு குடித்தனம் நடத்துங்கள்

லினக்ஸையும் விண்டோஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை எட்டு மணியை நள்ளிரவு இரண்டரை என்று காட்டும். போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்புகிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை மணி. டைம்டேட்சிடிஎல்லில் ஒரே ஒரு வரி கொடுத்தால் தகராறு தீர்ந்துவிடும். கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கையால் திருத்துங்கள். பிறகு போர்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

8. பிரின்ட் வரும்வரை அழுத்துங்கள்

எம்ஐடி ஆய்வகத்தில் ஜெராக்ஸ் பிரின்டர் ஒன்று காகிதத்தைக் கடித்துக்கொண்டே இருந்தது. அதன் நிரலைத் திருத்த விடவில்லையே என்று ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு வந்த எரிச்சல், 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கு ஒரு காரணம். ஆகவே பிரின்டர் தகராறு இந்த வம்சத்தின் பூர்வீகச் சொத்து.

கேபிள் ஒருமுறை ஆடினால் போதும், வரிசை "பாஸ்டு" என்று நின்றுவிடலாம். அதைப் பார்க்காமல் மறுபடி பிரின்ட் கொடுங்கள். மறுபடியும். ஆதார் நகல், மாற்றுச் சான்றிதழ், பிள்ளையின் புராஜெக்ட், எல்லாவற்றையும் வரிசையில் ஏற்றுங்கள். பிறகு யாரோ ஒருவர் "ரெஸ்யூம்" என்பதைத் தொடுவார். கட்டுக் காகிதம் தீரும்வரை உங்கள் ஆதார் வந்துகொண்டே இருக்கும்.

9. லினக்ஸுக்குத் தமிழ் தெரியாது என்று தீர்ப்பளியுங்கள்

டிடிபி கடையில் பாமினியில் அடித்து வாங்கிய கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும். கோப்பில் இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான், பாமினி எழுத்துரு இருந்தால் மட்டும் தமிழாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் மாற்ற வேண்டாம். லினக்ஸ் வேலைக்காகாது என்று உறவினர் கல்யாணத்தில் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

10. சாகும் டிஸ்க்கை எழுப்பி வேலை வாங்குங்கள்

கணினி அடிக்கடி உறைகிறது. டிமெசேஜ் கட்டளையில் ஐ-ஓ எரர் என்று வரிசையாக ஓடுகிறது. டிஸ்க் போகப்போகிறது, ஸ்மார்ட் பரிசோதனையும் அதையே சொல்கிறது. இப்போது கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுப்பார்கள் கோழைகள். நீங்கள் எஃப்எஸ்சிகே போடுங்கள், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலேயே. மூன்று ஆச்சரியக்குறிகளோடு எச்சரித்து, கடும் சேதம் வரும் என்று பெரிய எழுத்தில் சொல்லும். ஒய் அழுத்துங்கள்.

11. வேறு லினக்ஸ் போடுங்கள்

எதற்கும் மசியவில்லையா? மின்ட் சரியில்லை, ஃபெடோரா போடுங்கள். ஃபெடோராவும் சரியில்லையென்றால் ஆர்ச். ராம் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் மூன்றிலும் ஒரே மாதிரி உறையும். அப்போது லினக்ஸ் மொத்தமும் மோசம் என்ற முடிவுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுத டிடி கட்டளையைப் பயன்படுத்துங்கள். பென்டிரைவின் பெயர் எஸ்டிபியா எஸ்டிஏவா என்று எல்எஸ்பிஎல்கே பார்த்து உறுதிசெய்வது நேர விரயம். எஸ்டிஏ என்றே அடியுங்கள். டிடி மறுகேள்வி கேட்காது. இத்தனை வாயாடிகளுக்கு நடுவில் அதுவொன்றுதான் உங்களைப் புரிந்துகொண்ட நிரல்.

12. எதையும் எழுதிவைக்காதீர்கள்

தப்பித்தவறிச் சரியாகிவிட்டால், என்ன செய்தீர்கள் என்று ஒரு வரிகூடக் குறித்துவைக்காதீர்கள். பேக்கப் அவசியம் எடுங்கள், ஆனால் அதே டிஸ்க்கில், "பேக்கப்", "பேக்கப் புதுசு", "பேக்கப் இதுதான்" என்று மூன்று ஃபோல்டர்களாக. டிஸ்க் போனால் மூன்றும் ஒற்றுமையாகப் போகும்.

இவ்வளவும் செய்தபிறகும் உங்கள் கணினி ஒழுங்காக ஓடுகிறதென்றால் மனம் தளர வேண்டாம். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியாகிறது.