பதிமூன்று கண்

பையில் காசு குறைவு, மனசில் ஆசை அதிகம். மலைப்பாதை ரயிலில் எங்கே போகலாம்?

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு, முன்பதிவில்லாப் பெட்டியில். ஆரியங்காவு பக்கம் குகைக்குள் நுழைந்ததும் ஜன்னல் கம்பி கையில் சில்லென்று படும். அதன் பிறகு பார்ப்பதற்கு இரண்டு கண் போதாது. அதனால்தான் அங்கே பாலத்துக்கே 13 கண்! 1904-இல் இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. 2018-இல் அகலப்பாதையான பிறகும் அந்தக் கருங்கல் பாலத்தை இடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். கும்பிட வேண்டிய காரியம்.

ரயில் ஏன் அங்கே ஊர்ந்து போகிறது?

மலைச்சரிவு. பின்னாலும் ஓர் எஞ்சின் பூட்டியிருப்பார்கள்.

திரும்பி வர ரயிலா, பஸ்ஸா?

கட்டாயம் பஸ். ரயிலில் போகும்போது பாலத்தின் மேல் இருப்பீர்கள், பாலம் எப்படித் தெரியும்? கழுதுருட்டி பக்கம் சாலையிலிருந்து பார்த்தால்தான் முழு வரிசையும் தெரியும். பஸ் ஏறும் முன் புனலூரில் கல்லடை ஆற்றின் மேலுள்ள 1877-ஆம் ஆண்டுத் தொங்குபாலத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு வேண்டுகோள்: தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியே வீசாதீர்கள், கீழே இருப்பது காடு.