துண்டு போடும் சாஸ்திரம்

விஷயப் பிரவேசம்

சங்கீதம், நாட்டியம், கூத்து ஆகிய கலைகளைப் பற்றி நம் முன்னோர் லக்ஷண நூல்கள் பல இயற்றி, மேளகர்த்தா ராகங்கள் 72 என்றும், அபிநயம் நான்கு வகை என்றும் ஐயந்திரிபற வரையறுத்து வைத்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள், ஆடல் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என்று தச்சனுக்குச் சொல்வதுபோல அளவு சொல்லி, உள்ளே புகவும் வெளியே போகவும் வாயில் இரண்டு வேண்டும் என்பதையும் மறவாமல் குறித்திருக்கிறார். ஆனால், அந்த அரங்கின் எதிரே உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டுமே, அந்த இடத்தை மனைவி, மக்கள், மாமியார், ஊரிலிருந்து வந்திருக்கும் மைத்துனர் ஆகியோரோடு புறப்படும் ஒரு குடும்பஸ்தன் எவ்விதம் சம்பாதிப்பது, சம்பாதித்ததை மணியடிக்கும் வரையில் எவ்விதம் காப்பாற்றுவது என்னும் கேள்விக்கு மட்டும் எந்த ஆசிரியரும் அரைச் சூத்திரமேனும் அருளிச்செய்யவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். விடுமுறை நாட்களில் கலை நிகழ்ச்சிகளுக்குக் குடும்பத்தோடு போகும் சகலரும் இதைப் படிப்பதற்கு அதிகாரிகள். தனியாகப் போகிறவர்கள் தூணில் சாய்ந்து நின்றே காலத்தைக் கழித்துவிடலாமாகையால் அவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் வேண்டுவதில்லை.

லக்ஷணம்

துண்டு போடுதலாவது, ஒருவர் தாம் இல்லாத இடத்தில் தாம் இருப்பதாகப் பிறரை ஒப்புக்கொள்ளச் செய்யும்பொருட்டு, தம் உடைமைகளில் ஒன்றைத் தமக்குப் பிரதிநிதியாக விட்டுச் செல்லுதல். இதற்கு மேல்துண்டே வேண்டும் என்ற நியமம் இல்லை. கைக்குட்டை, செய்தித்தாள், விசிறி, தண்ணீர் பாட்டில், டிபன் பை, மூக்குக் கண்ணாடிக் கூடு முதலியனவும் துண்டாகவே கருதப்படும். எனினும் இவையெல்லாம் சம பலம் உடையவை அல்ல. விட்டுச்சென்ற பொருள் தொலைந்துபோனால் உடையவருக்கு எவ்வளவு மனக்கிலேசம் உண்டாகுமோ, அவ்வளவுதான் அப்பொருளின் பலம் என்பது இத்துறையின் முதல் விதி. செய்தித்தாளை விட்டுப் போனவர் திரும்பி வரமாட்டார் என்று ஊகித்து அதன்மேலேயே ஒருவர் உட்கார்ந்து விடுவதும், டிபன் பையைக் கண்டால் பத்தடி தள்ளியே நின்றுவிடுவதும் இந்த விதியை அனுசரித்தே நடைபெறுகின்றன. நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட தாளை விட்டுச் செல்வோர் சிலர் உண்டு. அது எல்லா நாற்காலிகளிலும் வாசலில் நின்றவர் போட்டுவைத்ததே என்று வழக்காட இடம் இருப்பதால், அத்தகைய சாக்ஷியம் சபையில் செல்லுபடியாவதில்லை.

பிரதிநிதிகளுள் அதிபலம் உடையது குழந்தை. கடைசி மணிக்கு வரும் அத்தையையும் அவள் மருமகளையும் உத்தேசித்து, மூன்று நாற்காலிகளின் குறுக்கே படுக்கவைக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுவனை எழுப்பி உட்காரத் துணிந்த ரசிகர் இன்னும் பிறக்கவில்லை. ஆனால், பலத்துக்கு ஏற்ற ஸ்திரத்தன்மை இப்பிரதிநிதியிடம் கிடையாது. பஞ்சுமிட்டாய்க்காரனின் மணியோசை கேட்ட மாத்திரத்தில் மூன்று இடங்களும் ஏககாலத்தில் அநாதையாகிவிடும். அதனினும் பெரிய அபாயம் அதன் சத்தியசந்தத் தன்மை. "இங்கே யாராவது வராங்களா, கண்ணு?" என்று அன்போடு விசாரிப்பவரிடம், "அத்தை வரலைன்னு போன் பண்ணிட்டாங்க" என்று உண்மையைச் சொல்லிக் குடும்பத்தின் ஆஸ்தியை ஒரு வாக்கியத்தில் அழித்துவிடும் குழந்தைகளை நாம் காண்கிறோம்.

ஜமக்காளம் தனி அத்தியாயத்துக்கு உரியது. பவானியில் நெய்யப்படும் கனத்த ஜமக்காளம், பந்தலின் நடுவில் விரிக்கப்படும்போது, அதன் பட்டைக் கோடுகள் சர்வே கற்களாகி, உள்ளே இருக்கும் நிலம் முழுவதும் ஒரு வம்சத்துக்குப் பாத்தியமாகிவிடுகிறது. சென்னை ராஜதானியில் ஜமீன்தாரி முறை 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதையும், தனியொரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்துக்கு 1961-ஆம் வருஷத்தில் உச்சவரம்பு ஏற்பட்டது என்பதையும் சரித்திர மாணவர் அறிவர். அவ்விரு சட்டங்களும் உற்சவப் பந்தலுக்குள் இன்றளவும் பிரவேசிக்கவில்லை. நான்கு பேர் வரும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு பேர் உட்காரும் ஜமக்காளத்தை விரித்து, மீதி நிலத்தில் முறுக்கு டப்பாவைக் குடியேற்றி வைத்திருக்கும் ஜமீன்தாரிணிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

க்ஷேத்திர பேதம்

துண்டின் தர்மம் க்ஷேத்திரத்துக்கு க்ஷேத்திரம் வேறுபடும். தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் உற்சவத்தையொட்டி இரவு முழுவதும் தெருக்கூத்து நடக்கும் காலத்தில், பொழுது சாயும் முன்பே பாய்களும் கோணிகளும் தெருவில் வந்து படுத்துவிடுகின்றன. அங்கே முதல் வரிசையின் மதிப்பு இரவுக்கு இரவு மாறுவது கவனிக்கத்தக்கது. சாதாரண இரவில் திரைக்கு எதிரே உள்ள இடமே உத்தமம். அர்ச்சுனன் தபசு நாளிலோ, உயர்ந்த தபசு மரத்தின்மேல் ஏறி அர்ச்சுனன் வேஷக்காரர் எறியும் எலுமிச்சையும் விபூதியும் தங்கள் மடியில் விழவேண்டும் என்று பிள்ளைவரம் வேண்டி வந்த பெண்கள் மரத்தடியைச் சுற்றி இடம்பிடிப்பதால், கூத்துக்களத்தின் மத்தியஸ்தானமே அவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகிறது. படுகளத்தன்று மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்தப்பட்ட துரியோதனனைச் சுற்றி ஊரே வட்டமாக நிற்பதால், துண்டுக்கு அன்று முழு விடுமுறை.

தஞ்சை ஜில்லா மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் சன்னிதித் தெருவில் நடைபெறும் பாகவத மேளாவில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியார் இயற்றிய பிரகலாத சரித்திரம் விடிய விடிய நடக்கும். ஹிரண்யகசிபுவின் சம்ஹாரம் பின்னிரவில்தான் வரும் என்பதை அறிந்த அனுபவஸ்தர்கள், சாயங்காலமே துண்டைப் போட்டு, வீட்டுக்குப் போய் உண்டு உறங்கி, நரசிம்ம மூர்த்தி வெளிப்படும் தருணத்துக்குச் சரியாக வந்து சேர்கிறார்கள். துண்டுக்கு அதிகபட்ச ஆயுள் அனுமதிக்கப்படும் க்ஷேத்திரம் இதுவே.

திருவையாற்றில் இதற்கு நேர் எதிர். தியாகராஜ ஸ்வாமிகள் 1847-ஆம் வருஷம் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் செல்வத்தைச் செலவிட்டு எழுப்பிய சமாதிக் கோயிலின் முன், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களிலும் அமைந்த பஞ்சரத்தின கீர்த்தனங்களை வித்வான்கள் கோஷ்டியாகப் பாடும்போது, அவர்களே தரையில் இரு சாரியாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மகாவித்வானுக்கே நாற்காலி இல்லாத சபையில் நமக்கு ஜமக்காளம் எதற்கு என்ற கூச்சத்தால், அங்கே துண்டுகள் தாமாகவே நான்காக மடிந்து தோளுக்குத் திரும்பிவிடுகின்றன.

சென்னைப் பட்டணத்தின் நிலை விசேஷமானது. 1927 டிசம்பரில் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையோடு சேர்ந்து நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, மறு வருஷம் மியூசிக் அகாடமி தோன்றியது. அதன் வழியாக மார்கழி மாதம் சங்கீத மாதமாயிற்று. பகல் வேளையில் இளம் வித்வான்கள் பாடும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் கட்டணம் கிடையாது. ஆகவே அங்கே துண்டு ராஜ்யம். சாயங்காலக் கச்சேரிக்கு எண்ணிட்ட டிக்கெட்டு. ஆகவே அங்கே நம்பர் ராஜ்யம். ஒரே மண்டபத்தில், ஒரே நாளில், சூரியன் சாய்வதற்குள் இரண்டு அரசியல் முறைகளையும் அனுபவிக்கும் பாக்கியம் உலகத்தில் வேறு எந்த நகரத்து ரசிகருக்கும் இவ்வளவு சுலபமாக வாய்ப்பதில்லை.

பூர்வபக்ஷமும் சித்தாந்தமும்

துண்டு போடுவது அநாகரிகம், முன்னால் வந்தவனுக்கே முன்னிடம் என்பதே நியாயம் என்பது ஒரு கட்சி. மேற்பார்வைக்கு அப்பழுக்கற்ற இந்தக் கட்சி, குடும்பம் என்ற வஸ்துவைப் பார்க்கத் தவறுகிறது. எல்லோருக்கும் சோறு போட்டு, மிச்சத்தை மூடிவைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கைக்குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டு வரவேண்டியவள் எக்காலத்தும் முன்னால் வர இயலாது. அவளுடைய வேலைகளில் ஒன்றும் இல்லாத காரணத்தால் அவள் கணவன் ஆறு மணிக்கே வந்து நிற்கிறான். முன்னால் வந்தவனுக்கே இடம் என்றால், கலை அனைத்தும் வேலையற்றவர்களின் போகமாகிவிடும். அடுப்படியில் இருப்பவளின் சார்பாகப் பந்தலில் ஆஜராகும் வக்கீலே துண்டு.

எல்லாத் தகராறுகளையும் டிக்கெட்டு தீர்த்துவிடும் என்பது மற்றொரு கட்சி. இதற்கு மறுப்புச் சொல்லுமுன் பிரத்யக்ஷப் பிரமாணம் ஒன்றைக் காட்டுவது முறையாகும். செஞ்சிக்கு அருகில் ஒரு கிராமத்துக் கூத்தில் நான் கண்டது இது. ஹார்மோனியத்துக்குச் சுருதி கூட்டி, முகவீணை ஒரு சுற்று ஊதி ஓய்ந்த சமயம். சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒன்று முன்வரிசையில் நீளவாட்டில் விரிக்கப்பட்டு, காற்றில் பறவாதபடி நான்கு மூலையிலும் நான்கு ஜல்லிக் கற்கள் வைக்கப்பட்டிருந்தன. அதன் பக்கத்தில் ஓர் இளைஞன் காவல். இடுப்பில் பேத்தியோடு நின்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டி அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. கட்டியக்காரன் திரையை விட்டு வெளியே வந்து முதல் சிரிப்பை வாங்கியதும் வாய் திறந்தாள்.

"தம்பி, துண்டு இருக்குது. ஆளு எங்க?"

"பஸ்ல வந்துகினு இருக்காங்க, ஆயா."

"கட்டியக்காரனே வந்துட்டான், உன் பஸ்ஸு இன்னும் வரலியா? மடிச்சு வெச்சுக்கோ, ராசா. வந்தா நானே எந்திரிச்சு இடம் குடுக்கறேன்."

இளைஞன் பதில் பேசவில்லை. கல் நான்கையும் பொறுக்கி எறிந்துவிட்டுத் துண்டை மடித்தான். கிழவியும் பேத்தியும் உட்கார்ந்தார்கள். அவன் வீட்டார் வந்து சேர்ந்தபோது சொன்ன சொல் தவறாமல் அவள் எழுந்திருக்க முயல, அவர்கள் "இருக்கட்டும் ஆயா" என்று நெருக்கிக்கொண்டு சுற்றி உட்கார, இருவர் இடத்தில் எழுவர் அடங்கிவிட்டார்கள். பொழுது விடியும் தறுவாயில் அந்தப் பேத்தி, முன்பின் அறியாத அந்தக் குடும்பத்து மருமகளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பிரமாணத்திலிருந்து மூன்று விதிகள் சித்திக்கின்றன. முதலாவது, துண்டின் உரிமைக்கு ஆயுள் உண்டு. அது நிகழ்ச்சி தொடங்கும் வரையில் தான். கூத்தானால் கட்டியக்காரன் வருகை, கச்சேரியானால் வர்ணம், நாட்டியமானால் புஷ்பாஞ்சலி என்று எல்லை வகுக்கலாம். பிறர் நிலத்தை அனுபவித்துப் பாத்தியதை கொண்டாடப் பன்னிரண்டு வருஷங்கள் வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். பன்னிரண்டு நிமிஷங்களே போதும் என்பது பந்தல் சட்டம். இரண்டாவது, துண்டுக்குக் காவலாக ஒரு மனித முகம் வேண்டும். "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப்போனாலும் போதும். அந்த க்ஷணத்தில் அவர் தர்மகர்த்தா ஆகிவிடுகிறார். முன்பின் தெரியாத ஒருவருடைய துண்டுக்காக மூன்றாம் மனிதரோடு அவர் போடும் சண்டையின் உக்கிரம், சொந்தச் சொத்துக்காகப் போடும் சண்டையில்கூட இருப்பதில்லை. மூன்றாவது, காலாவதியான துண்டை எடுக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் உண்டு. எடுத்தவருக்கு அவமானம் இல்லை.

இப்பொழுது டிக்கெட்டைப் பார்ப்போம். சீசன் முழுவதற்கும் டிக்கெட்டு வாங்கிய பிரமுகர் ஒருவர், அன்றைக்கு வேறு ஒரு விருந்துக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆலாபனை முடிந்து, கீர்த்தனம் முடிந்து, தனி ஆவர்த்தனமும் முடிந்து மங்களம் பாடும் வரையில் மூன்றாம் வரிசையின் நடுநாற்காலி காலியாகவே இருக்க, அதற்குப் பின்னால் கதவோரத்தில் முழங்கால் வலியோடு ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பிரமுகருக்குக் காவல் முகம் இல்லை, காலாவதி இல்லை, "மடிச்சு வெச்சுக்கோ, ராசா" என்று சொல்ல ஆயாவும் இல்லை. டிக்கெட்டு வாங்கினவருக்கு இடம் கிடைக்கும் என்பது மெய். அக்கம்பக்கத்தாரோடு ஒரு வார்த்தை பேசவேண்டிய அவசியம் ஒழிந்துவிடுகிறது என்பதும் மெய். விளக்கு அணையும் முன்பே ஜனக்கூட்டத்தை ஒரு சமூகமாக்கிவிடும் வல்லமை, சண்டையிட்டும் சமாதானமாகியும் நெருங்கி உட்கார்ந்தும் பழகும் துண்டு முறைக்கே உரியது. ஆகவே, நாகரிகத்தில் டிக்கெட்டும் தர்மத்தில் துண்டும் உயர்ந்தவை என்பதே இவ்வாராய்ச்சியின் சித்தாந்தம்.

இதைப் படித்து முடித்த அன்பர்களுக்கு விண்ணப்பம் ஒன்று உண்டு. வரப்போகும் மார்கழியிலும் பொங்கல் விடுமுறையிலும் தாராளமாகத் துண்டு போடுங்கள். ஆனால் வருகிற தலைகளை எண்ணிப் போடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வர இயலாது என்று தெரிந்தால் அவருக்கே போன் செய்து துண்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளாமல் துண்டு போடக்கூடாது என்பது இந்தச் சாஸ்திரத்தில் இன்று முதல் சேர்க்கப்படும் புதிய விதி.